பீரங்கி அண்ணாச்சியும் எங்கள் ஆபீஸ் பலகையின் கடைசி வரியும்

ஆரியசாலையில் பீரங்கி அண்ணாச்சியைப் போல் கூர்மையாகப் பார்த்த மனிதர் இருந்ததில்லை. அதே ஆரியசாலையில், ஏறக்குறைய ஒரு வருஷம், அவரைப் போல் கண்ணெதிரே இருந்ததைப் பார்க்காமல் காலம் தள்ளிய மனிதரும் இருந்ததில்லை. இரண்டுக்கும் நான் சாட்சி. இரண்டு காலத்திலும் அவருடைய பீரங்கி குறி பார்த்துக்கொண்டிருந்தது என் தலைக்கு நேர் மேலேதான்.

பயந்துவிடாதீர்கள். பீரங்கி என்றால் கேமராவில் மாட்டுகிற லென்ஸ். அப்போது நான் திருவனந்தபுரம் ஆரியசாலைக் கடைத்தெருவில் ஒரு லாரி பார்சல் ஆபீசில் மேனேஜர். நாகர்கோவில், திருநெல்வேலி, மதுரை பக்கம் போகிற மூட்டை முடிச்செல்லாம் என் கையெழுத்தில்லாமல் நகராது. தெருவுக்கு அந்தப் பக்கம், எனக்கு நேர் எதிரே, அண்ணாச்சியின் வத்தல் மிளகாய் மொத்தக் கடை. அவருடைய சொந்தப் பெயர் கடை போர்டில் பெரிய எழுத்தில் இருந்தது. ஆனாலும் ஒருநாள் காலையில் மிளகாய் மூட்டைகளின் மேல் ஒரு முழ நீளக் கறுப்புக் குழாயைத் தெருவைப் பார்க்க அவர் படுக்க வைத்திருந்தபோது, சாயாக்கடை மணியன் கையிலிருந்த கிளாஸ்களோடு அப்படியே நின்று, "எண்டம்மே, பீரங்கி!" என்று கத்திவிட்டான். அன்றோடு போர்டில் இருந்த பெயர் காலாவதியாயிற்று.

எல்லாம் அண்ணாச்சியின் மருமகன் செய்த வேலை. அறுபதாம் கல்யாணத்துக்குப் பெங்களூரிலிருந்து புத்தம் புதிய டிஜிட்டல் கேமரா ஒன்று வாங்கி வந்தார். உள்ளங்கையில் அடங்குகிற சாதனம். தானே முகத்தைக் கண்டுபிடிக்கும், முகத்துக்குள் கண்ணைக் கண்டுபிடிக்கும், ஆள் சிரித்தால் தானே படமும் எடுத்துக்கொள்ளும். அண்ணாச்சி இரண்டு நாள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்.

"எல்லாத்தையும் இதுவே செஞ்சுகிடுது வேய். அப்பம் நான் என்னத்துக்கு? கூடமாட நிக்கதுக்கா?"

மூன்றாம் நாள் அந்தக் கேமராவோடு வந்த லென்ஸைக் கழற்றி மருமகனிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார். மார்த்தாண்டத்தில் இழுத்து மூடிய ஒரு போட்டோ ஸ்டுடியோவில், ஒட்டடைக்கு நடுவே கிடந்த பழைய ஜப்பான் தூர லென்ஸ் ஒன்றைப் பிடித்து வந்தார். விலை என்ன என்று கேட்டேன். "ஒரு நெய்மீன் வாங்க முடியாது அந்தக் காசுக்கு" என்றார். கனம் அம்மிக் குழவி கனம். இரும்பும் கண்ணாடியும் தவிர அதில் வேறொன்றும் இல்லை. அந்தக் காலத்து லென்ஸுக்கும் இந்தக் காலத்துக் கேமராவுக்கும் வாய் சேராது என்பதால் நடுவே ஒரு வளையம் வேண்டும். அந்த வளையம் சென்னையிலிருந்து எங்கள் ஆபீசுக்குப் பார்சலில் வந்தது. இரண்டு வீட்டுப் பாஷையும் தெரிந்த கல்யாணத் தரகர் போல அது ஒரு பக்கம் பழசையும் மறுபக்கம் புதுசையும் பிடித்துக்கொண்டது.

மாட்டி, பொத்தானை அமுக்கினார். கேமராவின் திரையில் எழுத்து வந்தது: லென்ஸ் இல்லை.

"என்னது, இல்லையா?" அண்ணாச்சிக்குக் கோபம் வந்துவிட்டது. "ஒரு முழம் தொங்குது, கை கடுக்குது, இல்லங்குது பாரும் சவம்! லேய், உனக்குக் கண்ணு உண்டா, கிடையாதா?"

கேமராவோடு அவர் போட்ட சண்டையைக் கேட்டு மூட்டை இறக்க வந்தவர்கள் சுற்றி நின்றார்கள். 'லென்ஸ் இல்லாவிட்டாலும் படம் எடு' என்று ஓர் ஏற்பாடு அதன் வயிற்றுக்குள் எங்கோ ஒளிந்திருந்தது. அதை நான்தான் தேடித் திருப்பிவிட்டேன். அதன்பிறகு கேமரா வாயை மூடிக்கொண்டு வேலை செய்தது.

அந்த லென்ஸில் தானாக எதுவும் நடக்காது. படம் தெளிய வேண்டுமானால் கேமராவின் பார்வைத் துளையில் ஒரு கண்ணை வைத்துக்கொண்டு ஒரு வளையத்தைக் கையால் திருக வேண்டும். வெளிச்சத்தைக் கூட்டவோ குறைக்கவோ இன்னொரு வளையம். திருகித் தெளிவதற்குள் குருவி பறந்திருக்கும், பஸ் போயிருக்கும், சிரித்த ஆள் சிரிப்பதை நிறுத்திவிட்டு "ஆச்சா?" என்று கேட்டிருப்பார். இதை வைத்துக்கொண்டு பறக்கிறதை எப்படி எடுப்பீர்கள் என்று கேட்டேன். பதிலுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னை விழிஞ்ஞத்துக்குக் கூட்டிப்போனார்.

மீன்பிடித் துறையில் படகுகள் வந்து கரையேறும் நேரம். ஆகாயம் முழுக்கப் பருந்துகள். அண்ணாச்சி கையில் அன்றைக்கு இன்னொரு குழல்: கட்டையாகவும் குண்டாகவும் இருக்கும் ரஷ்ய லென்ஸ். நாங்கள் மூன்று கால் தாங்கியை விரித்ததுமே ஒரு காவலாளி தடுக்க ஓடி வந்தார்.

"அண்ணாச்சீ, எந்தா இது? இவிட இதொண்ணும் பாடில்ல!"

அண்ணாச்சி வாதாடவில்லை. குழலைக் கடல் பக்கம் திருப்பி, வெளியே நங்கூரமிட்டிருந்த ஒரு கப்பல் மேல் நிறுத்தி, "பாரும் சேட்டா" என்றார். காவலாளி குனிந்தார். குனிந்தவர் நிமிரவில்லை.

"அய்யோ! ஒராள் ஷேவ் செய்யுந்நு! கப்பலின்டெ மேல நிந்நு ஷேவ் செய்யுந்நு!"

வெறுங்கண்ணுக்கு அந்தக் கப்பல் ஒரு சோப்புப் பெட்டி அளவு. அதில் ஒரு மனிதர் மோவாயைத் தூக்கிக் கழுத்துக்குக் கீழே மழித்துக்கொண்டிருந்தார். அவர் மழித்து, முகம் கழுவி, துண்டால் துடைத்து முடிகிற வரைக்கும் எங்களுக்குக் கேமரா திரும்பக் கிடைக்கவில்லை. பிறகு காவலாளியே பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவந்து போட்டு, மீன் ஏலம் நடக்கிற இடத்தைத் தவிர எந்தப் பக்கமும் திருப்பக் கூடாது என்ற ஒரே நிபந்தனையோடு போனார்.

எனக்கு அவசரம். தலைக்கு மேலே பருந்துகள் வட்டம் போடுகின்றன, இந்த மனுஷன் ஒரு படகின் கொடிக்கம்பு நுனியைப் பார்த்து வளையத்தைத் திருகிக்கொண்டிருக்கிறார்.

"அண்ணாச்சி, பருந்து அங்க இருக்கு."

"இருக்கட்டும். அதுக்குப் பின்னால நாம ஓடப்பிடாது வேய். அது எங்க வருமோ அங்க நாம முதல்லயே போயி நிக்கணும்."

"வரலேன்னா?"

"மீனு இங்கதானே கெடக்கு? வராம எங்க போவும்?"

திருகி முடித்துக் கையை எடுத்துவிட்டார். சாயா வந்தது, ஆறியது. வெயில் ஏறியது. எனக்குக் கொட்டாவி வந்தது. வாயை மூடுவதற்குள் ஒரு செம்பருந்து மேலிருந்து சரிந்து, கால் இரண்டையும் முன்னால் நீட்டி, அந்தக் கொடிக்கம்பை உரசிக்கொண்டு போயிற்று. 'டக்' என்று ஒரே ஒரு சத்தம்.

அந்தப் படத்தைக் கேமராவின் திரையில் காட்டினார். ஒவ்வோர் இறகும் தனித்தனியாக. நகத்தில் ஒரு சாளை மீன். சாளையின் வாலிலிருந்து விழப்போகிற ஒரு சொட்டுக் கடல். பின்னால் அலையில் வெயில் மின்னிய இடமெல்லாம் சின்னச் சின்ன ஒளி வளையல்கள். அந்த ரஷ்ய லென்ஸின் வயிற்றில் நடுவாக ஒரு கண்ணாடி அடைப்பு உண்டு, அதனால் பின்னால் மின்னுவதெல்லாம் வளையலாகத்தான் விழும் என்று அண்ணாச்சி காரணம் சொன்னார். காரணம் தெரிந்த பிறகும் என் கை மயிர் சிலிர்த்தபடியே இருந்தது. யாரோ வேண்டாமென்று தூக்கிப்போட்ட கண்ணாடிக்குள் இத்தனை இருக்கும் என்று யார் கண்டார்கள்?

அதற்குப் பிறகு பழைய லென்ஸ்கள் குட்டி போட ஆரம்பித்தன. மூடிய ஸ்டுடியோக்கள், பாட்டனார் கப்பலில் வேலை பார்த்த வீடுகள், சாலைக் கடைவீதியில் இரும்பு எடைக்கு எடுக்கிற இடம், எங்கிருந்தெல்லாமோ வந்தன. திருவனந்தபுரத்து மழையில் கண்ணாடிக்குள் பூஞ்சணம் பிடிக்கும் என்பதால், வெயில் அடிக்கிற நாளில் எல்லாவற்றையும் மொட்டை மாடிக்குக் கொண்டுபோய் வடகத்துக்குப் பக்கத்தில் வரிசையாகக் காயவைப்பார். அண்ணாச்சியின் வீட்டுக்காரி பகவதி அக்கா வடகத்துக்குக் காவல். காக்கா வந்தால் வடகத்தைத்தான் தூக்குமே தவிர லென்ஸைத் தூக்காது. "அதுக்குத் தெரிஞ்சது உங்களுக்குத் தெரியலியே" என்பார் அக்கா.

லென்ஸைத் திறந்து துடைப்பதும் அவரே. கடிகார ரிப்பேர்க்காரரின் திருப்புளி ஒன்று வைத்திருந்தார். ஒரு விசித்திரம், எந்த லென்ஸைத் திறந்து மூடினாலும் கடைசியில் ஒரு திருகாணி மிச்சம் வரும். லென்ஸ் பழையபடி வேலை செய்யும், திருகாணி மட்டும் கையில் நிற்கும். அப்படி மிஞ்சியதையெல்லாம் ஓர் ஊறுகாய்ப் பாட்டிலில் போட்டுக் கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்.

புதிதாக வருகிற ஒவ்வொரு லென்ஸுக்கும் பரீட்சை உண்டு. பரீட்சைத் தாள் எங்கள் ஆபீஸ் பலகை. அவர் கல்லாவிலிருந்து எங்கள் பலகை வரைக்கும் உள்ள தூரம் அந்தக் குழல்களுக்கு அளவெடுத்துச் செய்த தூரம். அதைவிடக் கிட்டே இருக்கிற எதுவும் அவற்றுக்குத் தெளியாது. பலகையின் கீழே, ஆணியடித்த இடத்தில், எறும்பு எழுத்தில் ஒரு வரி இருந்தது: 'கண்ணாடிப் பொருட்களுக்குக் கம்பெனி பொறுப்பல்ல'. அந்த வரியை ஒரு லென்ஸ் வாசித்துவிட்டால் பாஸ். வாடிக்கையாளரோடு பேசிக்கொண்டிருக்கும்போது எதிர்ச்சாரியிலிருந்து "பொறுப்பல்ல! பொறுப்பல்ல!" என்று ஆனந்தக் கூச்சல் கேட்கும். புதிதாக வந்தவர்கள் மூட்டையைத் திரும்ப எடுத்துக்கொண்டு போக எழுந்துவிடுவார்கள். நான்தான் சமாதானம் சொல்லி உட்காரவைப்பேன்.

கிட்டே இருப்பது தெரியாத இந்தக் குணத்தால் அண்ணாச்சி யாரைப் படமெடுத்தாலும் பின்னால் பின்னால் போவார். கிழக்கேகோட்டையில் ஒரு சொந்தக்காரக் கல்யாணம். மேடைக்கு முன்னால் நின்றவர், "இன்னும் கொஞ்சம்" என்று பின்வாங்கி, பந்தியைக் கடந்து, செருப்புக் குவியலைக் கடந்து, தெருவையும் கடந்து எதிர்வீட்டுச் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றார். தாலி கட்டியது அங்கிருந்து அவருக்கு வாசல் வழியாகத் தெரிந்தது. வந்த படத்தைப் பார்த்து மாப்பிள்ளையின் அம்மா கேட்டார், "எம் மவன் எங்க?"

"அவரு ஃபோகஸ்ல வரல்லம்மா."

மாப்பிள்ளை மஞ்சளும் சிவப்புமாகக் கரைந்திருந்தார். மேடையும் பூவும் கூட்டமும் சேர்ந்து கரைந்திருந்தன. நடுவே ஒரே ஒருவர் தெளிவாக இருந்தார். பெண்ணின் அப்பா. யாரும் பார்க்காத மூலையில், தோள் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். மறு வாரம் அந்த அப்பா கடைக்கு வந்தார். படத்தை வெகுநேரம் பார்த்தார். சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

இப்பேர்ப்பட்ட மனிதர் பகவதி அக்காவை மட்டும் ஒரு படம் எடுத்ததில்லை. கல்லாவில் அண்ணாச்சிக்குப் பக்கத்து நாற்காலி அக்காவுடையது. கொள்முதல், விற்பனை, லோடுக்காரர்களைத் திட்டுவது எல்லாம் அந்த நாற்காலியிலிருந்துதான்.

"பருந்தப் புடிக்கீங்க, கப்பல்காரன் தாடியப் புடிக்கீங்க. முப்பது வருஷமா கூட இருக்கேன், எனக்கு ஒரு படம் உண்டா?"

"நீ கிட்டத்துல இல்லா இருக்க! குழலுக்குக் கிட்டத்துல உள்ளது தெரியாதுட்டீ. கொஞ்சம் தள்ளிப் போயி நில்லு, எடுக்கேன்."

"நான் தள்ளிப் போயி நின்னா கல்லாவ யாரு பாப்பா? உங்க பருந்தா?"

வாரம் ஒருமுறை இந்த வாக்குவாதம் நடக்கும். மிளகாய் நெடியில் தும்மிக்கொண்டே நாங்கள் கேட்போம்.

அப்புறம்தான் அந்த ஒரு வருஷம் வந்தது.

முதலில் ஜப்பான் லென்ஸில் பனி மூட்டம் தெரிகிறது என்றார். படங்களும் தெளியவில்லை. பூஞ்சணம் என்று திறந்து துடைத்தார். பாட்டிலில் ஒரு திருகாணி சேர்ந்தது, மூட்டம் போகவில்லை. அடுத்து ரஷ்ய லென்ஸிலும் மூட்டம். மழைக்காலம் என்றார். மழை விட்டதும், ரோடு வேலைத் தூசி என்றார். தூசி அடங்கியதும் எங்கள் பலகையில் பெயிண்ட் மங்கிவிட்டது என்றார். நான் ஆள் வைத்துப் பலகைக்குப் பெயிண்ட் அடித்தேன். "எழுத்து மெலிஞ்சு போச்சு வேய்" என்றார். எழுத்தைத் தடிமனாக்கினேன். அப்படியும் அந்தக் கடைசி வரி எந்த லென்ஸுக்கும் தெளியவில்லை.

எங்களுக்கெல்லாம் விஷயம் தெரிந்திருந்தது. சாயா கிளாஸை மேஜைக்குப் பக்கத்தில் காற்றில் வைப்பார், அது தரையில் விழும். தெருவில் வருகிற ஆளைத் தலையைச் சாய்த்து இடது கண்ணால்தான் அடையாளம் காண்பார். ஒருநாள் மணியன் தயங்கித் தயங்கி, "அண்ணாச்சி, அது கண்ணுல திமிரமாயிருக்கும். என்டெ மாமனுக்கும் இதே மாதிரி..." என்று ஆரம்பித்தான். கண் புரையைத்தான் அவன் அப்படிச் சொன்னான்.

"கண்ணா? எனக்கா? விழிஞ்ஞத்துல பருந்துக்க நகத்தப் புடிச்ச கண்ணுடே இது!"

பல நாள் அவனிடம் சாயா வாங்கவில்லை. அதன்பிறகு யாரும் வாயைத் திறக்கவில்லை. அக்காவும் பேசவில்லை. ஆனால் எழுதிய சீட்டையெல்லாம் அவர் பக்கம் நகர்த்தாமல் தானே வாசித்துச் சொல்லத் தொடங்கியிருந்தார்.

அண்ணாச்சிக்கு ஒரு சட்டம் உண்டு. பழுது எங்கே என்று தெரியாவிட்டால் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்க வேண்டும். கடையில் டியூப் லைட் எரியாவிட்டால் முதலில் ஸ்டார்ட்டர், அப்புறம் சோக், அப்புறம்தான் டியூப். "ரெண்ட ஒண்ணா மாத்தினா கள்ளன் தப்பிச்சிருவான்" என்பார். அந்தச் சட்டப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடை அடைத்திருந்த நேரம், வாசலில் தாங்கியை நிறுத்தி விசாரணையை ஆரம்பித்தார். லென்ஸ்களை ஒவ்வொன்றாக மாற்றினார். வளையத்தை மாற்றினார். தாங்கியை மாற்றினார். மருமகனிடமிருந்து வேறு கேமரா வரவழைத்திருந்தார், அதையும் மாற்றினார். எங்கள் பலகைக்குக் கீழே நான் நின்றுகொண்டு "இப்ப?" "இப்ப?" என்று கேட்டுக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு தடவையும் தலையை ஆட்டினார்.

கடைசியில் ஒரு மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார். நான் தெருவைக் கடந்து போனேன்.

"எனக்கு இனி படம் எடுக்க முடியாது போலிருக்கு வேய். இதையெல்லாம் எடைக்குப் போட்டிரலாம். வீட்டுல எடமாவது மிச்சம்."

அவரை அப்படிப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. உள்ளே மிளகாய் தரம் பிரித்துக்கொண்டிருந்த அக்கா தலையைத் தூக்காமல் கேட்டார்.

"எல்லாம் மாத்தியாச்சா?"

"ஆச்சு."

"ஒண்ணு பாக்கி இருக்குல்லா?"

"என்ன பாக்கி?"

"எந்தக் கண்ணால பாக்கீங்க?"

"வலது கண்ணால. எப்பமும் அதாலதான்."

"உங்க சட்டம்தானே? மாத்திப் பாருங்க."

அண்ணாச்சி எழுந்தார். கேமராவுக்குக் குனிந்தார். இடது கண்ணை வைத்தார், வளையத்தைத் திருகினார். தெருவில் ஒரு சைக்கிள் போய் மறைந்தது. பிறகு மெதுவாக, பள்ளிக்கூடத்துப் பையன் வாசிப்பது போல, ஒவ்வொரு எழுத்தாக வாசித்தார்.

"கண்ணாடிப் பொருட்களுக்குக்... கம்பெனி... பொறுப்பல்ல."

வலது கண்ணை வைத்தார். மறுபடி இடது. மறுபடி வலது. நிமிர்ந்து அக்காவைப் பார்த்தார்.

"கள்ளன் வீட்டுக்குள்ளதான் இருந்திருக்கான்ட்டீ."

அத்தோடு முடிந்ததா? ஆஸ்பத்திரி என்றதும் ஆள் கட்டிலில் படுத்துக்கொண்டார். பொன்முடி மலையில் பாறை விளிம்பில் தொங்கிப் படம் எடுத்தவருக்குக் கண் ஆபரேஷன் என்றால் நடுக்கம். காரணத்தை என்னிடம் மட்டும் சொன்னார். ஊறுகாய்ப் பாட்டிலைத் தூக்கிக் குலுக்கிக் காட்டினார்.

"லென்ஸத் தொறந்தா என்னாகும்னு எனக்குத் தெரியும் வேய். மூடும்போ ஒரு திருகாணி மிச்சம் வரும். டாக்டருக்கும் வந்துதுன்னா?"

சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஆனால் அவர் கண்ணில் பயம் உண்மையாகவே இருந்தது. ஒரு வழியாக அக்காவும் நானும் ஆளுக்கொரு பக்கமாக ஆட்டோவில் நெருக்கி உட்காரவைத்துக் கொண்டுபோனோம்.

டாக்டரம்மா சிரித்த முகம். பாதி தமிழிலும் பாதி மலையாளத்திலும் பொறுமையாகச் சொன்னார். "கண்ணுக்குள்ள ஒரு லென்ஸ் உண்டு. அண்ணாச்சிக்கு அது மங்கிப் போச்சு. அதை எடுத்து வேற வைக்கணும். அத்ரயே உள்ளு, அவ்வளவுதான்."

அண்ணாச்சி நிமிர்ந்து உட்கார்ந்தார். பேச்சு அவருடைய பாஷைக்கு வந்துவிட்டதே!

"வைக்கது புதுசா? நல்ல பழைய ஜப்பான் ஏதாவது...?"

"பழசொண்ணும் இல்ல. புதுசுதான்."

"வளையம் வேண்டாமா?"

"எந்து வளையம்?"

"அத விடுங்க. எடுக்கத என் கையில தந்திருவேளா? ரெண்டு நாள் வெயில்ல போட்டா மூட்டம் போவுதான்னு பாக்கலாம்."

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். அண்ணாச்சி குரலைத் தாழ்த்தினார்.

"திருகாணி எத்தன உண்டு?"

"இதுல திருகாணியே இல்ல அண்ணாச்சி."

அவர் விட்ட பெருமூச்சு வராந்தா வரைக்கும் கேட்டிருக்கும். ஆபரேஷனுக்குச் சம்மதம் என்று தலையை ஆட்டினார். டாக்டரம்மா கடைசியாக ஒன்று கேட்டார். இந்த லென்ஸ் ஏதாவது ஒரு தூரத்தைத்தான் கண்ணாடி போடாமல் தெளிவாகக் காட்டும். தூரத்தில் இருப்பது தெளிவாகத் தெரிய வேண்டுமா, கிட்டத்தில் இருப்பதா?

இதில் கேட்க என்ன இருக்கிறது? நானே முந்திக்கொண்டு, "தூரம்தான் டாக்டர். இவருக்குத் தூரம்தான் உயிர்" என்றேன்.

"வேய், சும்மா இரும்" என்றார் அண்ணாச்சி. டாக்டரம்மா பக்கம் திரும்பினார். "தூரத்துக்கு எங்கிட்ட வீடு நெறைய லென்ஸ் கெடக்கு. கிட்டத்துக்குத்தான் ஒண்ணுகூட இல்ல. கிட்டத்துக்கு வையுங்க."

பகவதி அக்கா சுவரில் மாட்டியிருந்த கண் படத்தை ரொம்ப அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆபரேஷன் முடிந்து மறுநாள் காலையில் கட்டைப் பிரித்தார்கள். அக்கா சொட்டு மருந்து விடக் குனிந்தார். அண்ணாச்சி மருந்தை மறந்து அக்காவின் முகத்தையே பார்த்தார். மூக்குக்குப் பக்கத்தில் விரலை வைத்துக் காட்டினார்.

"உனக்கு இந்த மச்சம் எப்பம் வந்துது?"

"கல்யாணத்துக்கு முந்தியே உண்டு. கண்ணத் தொறங்க, மருந்து ஒழுகுது."

கண் ஆறும்வரை மிளகாய்த் தூசிப் பக்கம் தலை வைக்கவே கூடாது என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மிளகாய்க் கடைக்காரர் எங்கே போவார்? எங்கள் ஆபீசுக்கு வந்தார். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, 'கண்ணாடிப் பொருட்களுக்குக் கம்பெனி பொறுப்பல்ல' என்ற வரிக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். முப்பது வருஷத்தில் முதல் தடவையாக அக்கா அந்தச் சாரியில், அவர் இந்தச் சாரியில். முதல் இரண்டு நாள் சும்மா இருந்தார். பிறகு மணியனை அனுப்பிக் கேமராவையும் தாங்கியையும் அந்தப் பழைய ஜப்பான் குழலையும் எடுத்துவரச் சொன்னார்.

பீரங்கி அன்றைக்குத்தான் எதிர்ப்பக்கம் திரும்பியது. இடது கண்ணை வைத்துக் கல்லாவைப் பார்த்துத் திருகினார். கையை எடுத்துவிட்டார்.

அக்காவுக்கு எங்கே நேரம்? லோடுக்காரர்களைத் திட்டினார். தராசைப் பார்த்தார். போனில் விருதுநகரோடு சண்டை போட்டார். குனிந்த தலை நிமிரவில்லை.

"கூப்பிடட்டுமா அண்ணாச்சி?" என்றேன்.

"கூப்பிடாதேயும். அது வரும்."

காத்திருந்தோம். சாயா வந்தது, ஆறியது. மருந்து விடுகிற வேளை ஆயிற்று. எதிர்ச்சாரியில் அக்கா எழுதிக்கொண்டிருந்த பேனாவைச் சட்டென்று வைத்துவிட்டு, மனுஷன் மருந்து விட்டாரா இல்லையா என்று தலையை நிமிர்த்தி இந்தப் பக்கம் பார்த்தார். 'டக்' என்று ஒரே சத்தம்.

மிளகாய்க் குவியல் முழுக்கச் சிவப்பாகக் கரைந்திருந்தது. தெருவும் மூட்டையும் ஆட்களும் கரைந்திருந்தார்கள். நடுவே பகவதி அக்கா, அந்த மச்சத்தோடு, அந்தக் கவலையோடு. உம்ம ஆபீசிலிருந்து எடுத்தது என்று சொல்லி, அதில் ஒரு பிரதியைக் கண்ணாடிச் சட்டம் போட்டு எனக்கும் தந்தார் அண்ணாச்சி.

பிறகு எனக்கு மதுரைக்கு மாற்றல் வந்தது. பீரோ, கட்டில், பாத்திரம் எல்லாம் எங்கள் கம்பெனி லாரியிலேயே பார்சலாகப் போயின. அந்தப் படத்தை மட்டும் நான் பார்சலில் போடவில்லை. மதுரை வரைக்கும் ரயிலில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன்.